இடக்கைக்காரருக்கு எந்தப் பக்கக் கைப்பிடி? உப்பனாற்றில் கவிழ்ந்த ஒரு கயாக்கும் ஐம்பது பவுண்டு ப்ரெய்டும்

மே மாதம், மீன்பிடித் தடைக்காலம் பாதி முடிந்திருந்த நேரம். கடலூர் முதுநகர் பக்கம் உப்பனாற்றில் தூண்டில் போட்டுக்கொண்டிருந்த நண்பரின் கயாக் கவிழ்ந்தது. அவர் நன்றாக நீந்துவார், லைஃப் ஜாக்கெட்டும் போட்டிருந்தார், அதனால் ஆளுக்கு ஒன்றும் ஆகவில்லை. மிதந்து போன துடுப்பை ஃபைபர் படகுக்காரர்கள் பிடித்துக் கொடுத்தார்கள். உப்புத் தண்ணீரில் முங்கிய ரீலும் மூன்று நாள் கை வலியும்தான் நஷ்டம்.

கவிழ்ந்ததற்கு அவர் சொன்ன காரணம் "தண்ணி இழுப்பு ஜாஸ்தி." அதுவும் உண்மைதான், பௌர்ணமியை ஒட்டிய வற்றம், தண்ணீர் கடலுக்கு இறங்கும் நேரம். ஆனால் அதே இழுப்பில் அவர் அதற்கு முன்பும் பலமுறை போய் வந்திருக்கிறார். அவருடைய ராடு, ரீல், லைன் மூன்றையும் மேசையில் பரப்பிவைத்து, அன்று நடந்ததை நிமிஷக் கணக்கில் கேட்டு எழுதியபோது, ஆற்றைவிட கடையில் எடுத்த இரண்டு முடிவுகள்தான் அவரைக் கவிழ்த்தன என்பது தெளிவானது. இடக்கைக்காரர் என்பதால் சுற்றும் கைப்பிடி இடப்பக்கம் உள்ள ரீல் வாங்கியது ஒன்று. பெரிய கொடுவா வந்தால் அறுந்துவிடக் கூடாது என்று ஐம்பது பவுண்டு தாங்கும் ப்ரெய்டு (இழைகளைப் பின்னிய லைன்) ஏற்றியது இன்னொன்று.

நடந்தது

நண்பருடைய கயாக் மேலே உட்கார்ந்து ஓட்டும் வகை, அகலம் சுமார் 80 செ.மீ. அவர் எடை 75 கிலோ. கையில் ஏழடி ராடு, தட்டையான பெய்ட்காஸ்டர் ரீல் (லைன் சுற்றும் உருளை, அதாவது ஸ்பூல், ராடுக்குக் குறுக்கே இருக்கும் வகை), கைப்பிடி இடப்பக்கம். ஐம்பது பவுண்டு ப்ரெய்டு, அதன் முனையில் லீடர் எனும் கடைசித் துண்டு, அறுபது பவுண்டு நைலான், அதன் முனையில் ரப்பர் மீன்.

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை நம் கிழக்குக் கடற்கரையில் விசைப்படகுகள் கடலுக்குப் போவதில்லை. அந்த இரண்டு மாதமும் அவை ஆற்றில் வரிசையாகக் கட்டிக் கிடக்கும். கட்டிய படகின் நிழலில் சிறு மீன் கூடும், சிறு மீனைத் தேடிக் கொடுவா வரும். நண்பர் குறிவைத்ததும் அந்த நிழலைத்தான். அந்த நிழலுக்கு அடியில்தான் நங்கூரக் கயிறுகளும் இருக்கின்றன.

ரப்பர் மீன் ஒரு கயிற்றில் மாட்டியது. முதலில் மீன் என்று நினைத்து ராடைத் தூக்கி அடித்தார், தூண்டில் முள் இன்னும் ஆழமாக ஏறியது. அதற்குள் தண்ணீர் கயாக்கை முகத்துவாரம் பக்கம் தள்ளிக்கொண்டு போக, லைன் இறுகியது. அவர் முகம் கரையைப் பார்த்து இருந்தது. அதாவது கயாக் ஆற்றுக்குக் குறுக்கே, லைன் பக்கவாட்டில். டிராக்கை, அதாவது மீன் இழுத்தால் ஸ்பூலை வழுக்க விடும் பிரேக்கை, முழுக்க இறுக்கி, ஸ்பூலைக் கட்டைவிரலால் அழுத்தி, இரண்டு கையாலும் ராடைப் பிடித்து அறுக்கப் பார்த்தார். துடுப்பு மடியில் கிடந்தது. கத்தி பின்னால் டப்பாவுக்குள் இருந்தது. லைன் இழுத்த பக்கத்திலேயே ஆற்றின் தள்ளலும் சேர்ந்துகொள்ள, அந்தப் பக்க விளிம்பு தண்ணீருக்குள் போனது. அப்புறம் என்ன, ஆள் ஆற்றில்.

லைன் அறவில்லை. கயாக் கவிழ்ந்த பிறகும் ராடு அந்த லைனில்தான் தொங்கிக்கொண்டிருந்தது. ப்ரெய்டு கம்பெனிக்கு வேண்டுமானால் அது நல்ல விளம்பரம்.

லைனுக்கு ஒரு மேல் எல்லை

கரையில் நின்று தூண்டில் போடுபவருக்கு லைன் பலத்தில் கீழ் எல்லைதான் கவலை: இதைவிடக் குறைந்தால் மீன் போய்விடும். கூடுதல் பலத்தால் அவருக்குப் பெரிதாகக் கெடுதல் இல்லை, தூரம் கொஞ்சம் குறையும், அவ்வளவுதான். காலுக்குக் கீழே மண் இருக்கிறது.

கயாக்கில் காலுக்குக் கீழே மண் கிடையாது. அதனால் அங்கே ஒரு மேல் எல்லையும் உண்டு: எதிலாவது மாட்டிக்கொண்டால், என்னைக் கவிழ்க்கும் முன் இந்த லைன் அறுந்துவிடுமா? இந்தக் கேள்வியை நண்பர் கேட்கவில்லை, கடைக்காரரும் கேட்கவில்லை.

கணக்குப் போட்டால் எளிதில் புரிகிறது. ஐம்பது பவுண்டு என்றால் 22.7 கிலோ. ராடு பிடித்திருக்கும் உயரத்தில், தண்ணீர் மட்டத்துக்கு ஏறக்குறைய ஒரு மீட்டர் மேலே, அந்த விசை பக்கவாட்டில் இழுக்கிறது என்று வையுங்கள். அதைச் சமன்செய்ய 75 கிலோ ஆள் எதிர்ப்பக்கம் எவ்வளவு நகர வேண்டும்? 22.7-ஐ 75-ஆல் வகுத்தால் 0.3 மீட்டர், அதாவது முப்பது சென்டிமீட்டர். 80 செ.மீ. அகலக் கயாக்கில் நடுவிலிருந்து விளிம்பு நாற்பது சென்டிமீட்டர்தான். கிட்டத்தட்ட எதிர் விளிம்பில் போய் உட்கார வேண்டும். கயாக்குக்குத் தன் அகலத்தால் வரும் நிலைத்தன்மையும் கொஞ்சம் தாங்கும், அதனால் இந்தக் கணக்கு அச்சுப் பிசகாமல் நடக்கும் என்று சொல்ல மாட்டேன். ஆனால் அளவு புரிகிறது அல்லவா? இதையே இருபது பவுண்டுக்குப் போட்டால் 9 கிலோ, பன்னிரண்டு சென்டிமீட்டர். இடுப்பைச் சற்று ஒடித்து உட்கார்ந்தால் போதும்.

"கொடுவாவுக்கு இருபது பவுண்டு பத்துமா?" இதுதான் நண்பரின் உடனடிக் கேள்வி. கயாக்கில் நன்றாகவே பத்தும். கரையில் ஆள் நகர மாட்டார், மீன் கொடுக்கும் இழுப்பு முழுக்க லைனில் ஏறும். கயாக் மிதக்கிறது. ராடின் முனையை முன்பக்கம் வைத்தால், சில கிலோ இழுப்பிலேயே கயாக்கின் மூக்கு மீன் பக்கம் திரும்பி அதன் பின்னால் போக ஆரம்பித்துவிடும். மீன் ஓடிக் களைப்பதற்கு 75 கிலோ ஆளையும் கயாக்கையும் சேர்த்து இழுக்க வேண்டியிருக்கிறது. நம் பக்கம் முகத்துவாரங்களில் சாதாரணமாக மாட்டுகிற கொடுவா, செப்பிலி, சின்னப் பாரை எதற்கும் இந்த அளவு தாராளம்.

டிராக் பற்றிப் பொதுவாகச் சொல்வது, லைனின் அறும் அளவில் கால் பங்கிலிருந்து மூன்றில் ஒரு பங்கு வரை. இருபது பவுண்டுக்கு அது இரண்டே கால் கிலோவிலிருந்து மூன்று கிலோ. இதைக் கையால் இழுத்துப் பார்த்து "சரியா இருக்கு" என்பவர்கள் பெரும்பாலும் குறைவாகவோ மிக அதிகமாகவோதான் வைக்கிறார்கள். வீட்டு மாடிப்படியில் நாங்கள் செய்தது இது. பெயின்ட் வாளியில் இரண்டரை லிட்டர் தண்ணீர் ஊற்றி, லைன் முனையை அதன் கைப்பிடியில் கட்டி, ராடை மீன் இழுக்கும்போது வளைகிற கோணத்தில் தூக்கினோம். வாளி தரையை விட்டு எழும்போது ஸ்பூல் மெல்ல வழுக்கிக் கொடுக்க வேண்டும். எழாமலேயே கொடுத்தால் அரைத் திருகு இறுக்கம், வாளி ஆடிக்கொண்டு மேலே வந்தால் தளர்வு. ஒரு லிட்டர் ஒரு கிலோ என்பதால் தராசு தேவையில்லை, வாளியின் எடையை மட்டும் சேர்த்துக்கொள்ள வேண்டும். நண்பரின் பழைய ரீலில் அவர் வழக்கமாக வைத்திருந்த இறுக்கத்தில் வாளி நிறையத் தண்ணீர் இருந்தும் ஸ்பூல் அசையவில்லை.

இன்னொன்று, மீன் லைனை இழுத்துக்கொண்டு ஓட ஓட ஸ்பூலின் விட்டம் குறையும், குறையக் குறைய அதே டிராக் அதிகமாக இழுக்கும். விட்டம் கால் பங்கு குறைந்தால் இழுப்பு மூன்றில் ஒரு பங்கு கூடும். நீண்ட ஓட்டத்தில் பதறி டிராக்கை இறுக்குவது அதனால்தான் ஆபத்து. தானாகவே அது இறுகிக்கொண்டிருக்கிறது.

லேபிளில் உள்ள பவுண்டை அப்படியே நம்பவும் முடியாது. பல ப்ரெய்டுகள் எழுதியிருப்பதைவிடக் கூடுதலாகத் தாங்கும். நல்ல செய்தி போலத் தெரிந்தாலும், மேல் எல்லை பார்த்து வாங்குபவருக்கு அது வில்லங்கம். ஜப்பானிய முறையில் பி.இ. எண் போட்டிருக்கும் லைன்களில் அந்த எண் பருமனைக் குறிக்கிறது: பி.இ. 1 என்றால் சுமார் 0.165 மி.மீ., பி.இ. 1.5 என்றால் சுமார் 0.205 மி.மீ. நண்பருக்கு நாங்கள் தேர்ந்தது பி.இ. 1.5, இருபது பவுண்டு. முடிச்சோடு சேர்த்து, பெட்டி எடை பார்க்கும் தொங்கு தராசில் மாட்டி இழுத்துப் பார்த்தோம். பத்து கிலோவைத் தாண்டிய பிறகு அறுந்தது. போதும்.

லீடரில் மட்டும் எங்களுக்குள் கருத்து ஒத்துப்போகவில்லை. தேவனாம்பட்டினத்தில் கட்டுமரத்தில் போய்த் தூண்டில் போட்ட ஒரு பெரியவர் நண்பரின் செட்டைப் பார்த்துவிட்டு, "இன்னாத்துக்குத் தம்பி இம்மாம் பெரிய நரம்பு? முள்ளுக்கு மேல ஒரு பாகம் சன்ன நரம்பு கட்டிக்க. பாறுல மாட்டுனா முள்ளோட போவட்டும்" என்றார். ஒரு பாகம் என்றால் இரண்டு கையையும் விரித்த நீளம், பாறு என்றால் தண்ணீருக்கு அடியில் உள்ள பாறை. கடைசித் துண்டு மெலிசாக இருந்தால் மாட்டிய இடத்தில் முள் மட்டும் போகும், நீள லைன் ஆற்றில் கிடந்து யாருடைய படகு விசிறியிலும் சுற்றாது. மணல் தரையில், கிழங்கானுக்கும் சின்னப் பாரைக்கும் அவர் சொன்னதற்கு மேல் ஒன்றும் சொல்ல முடியாது.

ஆனால் கொடுவாவின் வாய் உப்புத்தாள் போல அராவும், செவுள் மூடியின் ஓரம் கத்திதான். பாலத் தூணிலும் துறைமுகக் கல்லிலும் ஒட்டியிருக்கும் சிப்பி ப்ரெய்டை ஒரு உரசலில் அறுத்துவிடும். அங்கே மெல்லிய லீடர் நிற்காது. எனவே தூண், கல் பக்கம் ஒரு மீட்டர் நீளத்துக்கு முப்பது பவுண்டு ஃப்ளோரோகார்பன் நரம்பு, திறந்த தண்ணீரில் பெரியவர் சொன்னபடி பதினாறு பவுண்டு. முப்பது பவுண்டு லீடர் போடும்போது அறுவது ப்ரெய்டாகவோ இரண்டையும் சேர்க்கும் முடிச்சாகவோ இருக்கும், அதாவது பத்து கிலோ பக்கம். கயாக் தாங்கும் எல்லைக்குள்தான். நண்பரின் பழைய செட்டில் பிசகு என்னவென்றால், அறுபது பவுண்டு லீடருக்கு ஐம்பது பவுண்டு ப்ரெய்டு, எந்த இடத்திலும் பலவீனமே இல்லாமல் கட்டப்பட்டிருந்தது.

கைப்பிடி எந்தப் பக்கம்

இடக்கைக்காரர் கடைக்குப் போய் "லெஃப்ட் ஹேண்ட் ரீல் கொடுங்க" என்று கேட்டால் கிடைப்பது இடப்பக்கம் கைப்பிடி உள்ள ரீல். அதை அதிகம் வாங்குபவர்கள் உண்மையில் வலக்கைக்காரர்கள். வலது கையால் வீசி, ராடு அந்தக் கையிலேயே இருக்க, இடது கையால் சுற்றுவார்கள். அப்படியே கண்ணாடியில் பார்த்தால், இடது கையால் வீசும் நண்பருக்குத் தேவை வலப்பக்கக் கைப்பிடி, கடையில் குவிந்து கிடக்கும் சாதாரண ரீல். அவர் அதிகப் பணம் கொடுத்து, ஆர்டர் போட்டுக் காத்திருந்து தனக்குப் பொருந்தாததை வாங்கியிருந்தார்.

கரையில் இது பெரிய விஷயமில்லை. இடது கையால் வீசுவார், ராடை வலது கைக்கு மாற்றுவார், இடது கையால் சுற்றுவார். அரை நொடி. கயாக்கில் அந்த அரை நொடி வேறு மாதிரி. வீசி முடித்ததும் காற்று கயாக்கைத் திருப்பும், ஒரு கையால் துடுப்பைத் தொட வேண்டியிருக்கும், அதே நேரத்தில் ராடு கை மாறிக்கொண்டிருக்கும். கொடுவா பல நேரம் ரப்பர் மீன் கீழே இறங்கும்போதே கவ்வும். கை மாறும் வேளையில் கவ்வினால் லைன் தொய்ந்திருக்கும், முள் ஏறாது. "தட்டுது, ஆனா நிக்கல" என்று மாதக்கணக்கில் புலம்பியதன் பாதி விடை இதுதான் என்பது என் அபிப்பிராயம். மீதிப் பாதிக்கு மழுங்கிய முள்ளைப் பழிக்கலாம்.

கவிழ்ந்த அன்று கை மாற்றம் செய்த வேலை இன்னும் மோசம். ராடு அவருடைய பலம் குறைந்த வலது கையில் இருந்தது. லைன் இறுகியதும் அந்தக் கையால் ராடு முனையை முன்பக்கம் கொண்டுவர முடியவில்லை. அதனால் இடது கையையும் கொடுத்து இரண்டு கையாலும் பிடித்தார். துடுப்பைத் தொட மூன்றாவது கை இல்லை. இரண்டு துடுப்பு போட்டு மூக்கைக் கயிற்றுப் பக்கம் திருப்பியிருந்தால் லைன் பக்கவாட்டில் இழுத்திருக்காது.

இதை ஊகத்தில் விடாமல் வாளியை மறுபடி எடுத்தோம். மூன்று லிட்டர், ராடை முழங்கையோடு ஒட்டிப் பிடித்து, வாளியைத் தரையிலிருந்து ஒரு சாண் தூக்கி நிறுத்துவது. இடது கையில் பேசிக்கொண்டே நின்றார். வலது கையில் சற்று நேரத்திலேயே மணிக்கட்டு நடுங்கி ராடு முனை இறங்கியது. வலது கையால் கைப்பிடி சுற்றுவதில் அவருக்கு எந்தச் சிரமமும் இல்லை. எந்தக் கையால் எழுதுகிறோம் என்பதைவிட, துடுப்பைப் போட்ட நேரத்தில் எந்தக் கை ராடைத் தனியாகத் தாங்கும் என்பதுதான் கயாக்கில் கேள்வி. இடக்கைக்காரர்களில் சிலர் வலக்கைக்காரர் நடுவே பழகி வலது கையால் வீசுவார்கள். அவர்களுக்கு விடை மாறும், வாளியே சொல்லிவிடும்.

எதிர்வாதம் ஒன்று உண்டு, நியாயமானதும்கூட. ஆழக் கடலில் கனமான ஜிக் (உலோக இரை) போட்டு மணிக்கணக்கில் சுற்றுபவருக்குப் பலமான கை கைப்பிடியில் இருப்பதுதான் நல்லது. அங்கே வீசுவது குறைவு, சுற்றுவது அதிகம். ஆற்றிலும் கழியிலும் நிமிஷத்துக்கொரு முறை வீசுகிறோம். அந்த வாதம் இங்கே பொருந்தாது.

ராடுக்குக் கீழே தொங்கும் ஸ்பின்னிங் ரீல் என்றால் இந்தத் தலைவலியே கிடையாது. கைப்பிடியைக் கழற்றி எந்தப் பக்கமும் மாட்டலாம். பெய்ட்காஸ்டரில் அது முடியாது, வாங்கும்போதே முடிவு செய்ய வேண்டும். பெட்டியில் பார்த்தும் தெரிந்துகொள்ளலாம்: ஷிமானோ பெய்ட்காஸ்டர்களில் மாடல் எண் 150 என்றால் வலப்பக்கம், 151 என்றால் இடப்பக்கம். அபு கார்சியாவின் உருண்டை ரீல்களிலும் அப்படித்தான், 6500 வலம், 6501 இடம். டாய்வா எண்ணின் கடைசியில் எல் என்ற எழுத்தைச் சேர்க்கிறது. கடைக்காரரிடம் "லெஃப்ட்" "ரைட்" என்று பேசாமல், ராடு பிடிக்கிற மாதிரி கையை நீட்டி, "கைப்பிடி இந்தப் பக்கம் வரணும்" என்று காட்டிவிடுவது இன்னும் பத்திரம்.

மாற்றிய பிறகு

நண்பர் இப்போது 3000 அளவு ஸ்பின்னிங் ரீல் வைத்திருக்கிறார், கைப்பிடி வலப்பக்கம். கயாக்கில் ரீல் எப்படியும் நனையும், எதிர்க்காற்றில் இலேசான ரப்பர் மீனை வீசினால் பெய்ட்காஸ்டரில் சிக்கு விழும், இரண்டுக்கும் ஸ்பின்னிங் தேவலாம். ராடு ஆறரை அடி, அடிக்கட்டை குட்டை. நீளமாக இருந்தால் லைஃப் ஜாக்கெட்டில் இடிக்கிறது. ராடை ஒரு கயிற்றால் கயாக்கோடு கட்டுகிறார், ஆனால் அந்தக் கயிற்றையும் ஒரே இழுப்பில் விடுவிக்க முடிகிற மாதிரி. கத்தி இடது கைக்கு எட்டும் விதமாக ஜாக்கெட்டின் வலது மார்பில் வந்துவிட்டது. வீடு திரும்பியதும் டிராக்கை இறுக்கிவிட்டு, நல்ல தண்ணீரை மெல்லத் தெளித்துக் கழுவி, காய்ந்தபின் டிராக்கைத் தளர்த்திவைக்கிறார்.

மாட்டிக்கொண்டால் என்ன செய்வது என்பதையும் கெடிலத்தில், இழுப்பு இல்லாத ஒரு காலையில் பழகினோம். முதலில் லைனைத் தளர்த்திவிட வேண்டும். துடுப்புப் போட்டு மாட்டிய இடத்துக்கு மேல்பக்கம் போய், வந்த திசைக்கு எதிரே இழுத்தால் பாதிக்கு மேல் கழன்றுவிடும். கழலாவிட்டால் மூக்கை அந்தப் பக்கம் வைத்து, ராடை லைனுக்கு நேராக நீட்டி, ஸ்பூலைப் பிடித்துக்கொண்டு கயாக்கின் நகர்வே அறுக்கட்டும் என்று விட வேண்டும். ப்ரெய்டைக் கையில் சுற்றி இழுக்கவே கூடாது, விரல் எலும்பு வரை இறங்கும். லைன் பக்கவாட்டுக்கு வந்துவிட்டால் யோசிக்காமல் வெட்டிவிட வேண்டும். ஒரு ரப்பர் மீனின் விலை எவ்வளவு?

புது செட்டில் முதல் நல்ல கொடுவா அரியாங்குப்பம் ஆற்றில் வந்தது. கயாக்கை அலையாத்திச் செடிகள் பக்கம் இழுத்துக்கொண்டு போனது, நண்பர் இடது கையில் ராடும் வலது கையில் துடுப்புமாக இரண்டு முறை மூக்கைத் திருப்பினார். பழைய பெய்ட்காஸ்டரைப் புதுச்சேரியில் இருக்கும் வலக்கைக்காரத் தோழர் ஒருவர் பாதி விலைக்கு வாங்கிக்கொண்டார். ஐம்பது பவுண்டை உருவிவிட்டு இருபது ஏற்றச் சொன்னோம். அவர் கரையிலிருந்து மட்டும்தான் போடுவாராம், அப்படியே இருக்கட்டும் என்றுவிட்டார். சரி, கரைக்கு அது போதும்.

இந்த இருபது பவுண்டு செட்டை முகத்துவாரம் தாண்டிக் கொண்டுபோவதாக இருந்தால் இரண்டு மாற்றம் வேண்டும். வஞ்சரமும் சீலாவும் பல்லால் ஃப்ளோரோகார்பனை வெட்டும், அதனால் முள்ளுக்கு முன் ஒரு சாண் கம்பி லீடர். வஞ்சரம் முதல் ஓட்டத்திலேயே நிறைய லைன் எடுக்கும் என்பதால் ஸ்பூலில் 300 மீட்டராவது இருக்க வேண்டும், 3000 ரீலில் அது சிரமம். டிராக்கைக் கூட்டத் தேவையில்லை, ஓட விட்டால் போதும். தெற்கிலிருந்து வரும் சோழகக் காற்று மதியத்துக்கு மேல் எழும் மாதங்களில் அந்த ஆசையைக் காலை பத்து மணிக்குள் முடித்துக்கொண்டு திரும்பிவிட வேண்டும்.